பாதி பாதியாய்த் தேடுவோம்



அகராதியில் 'மழை' என்னும் சொல்லைத் தேடும்போது முதற் பக்கத்திலிருந்தா புரட்டுகிறீர்கள்? இல்லை; நடுவில் திறக்கிறீர்கள். 'த' வரிசை தென்பட்டால், நாடும் சொல் அதற்குப் பின்னரே இருக்கும் என அறிந்து முற்பகுதியை ஒதுக்கிவிடுகிறீர்கள். கணிப்பொறிக்கும் இம்முறையையே கற்பிக்கின்றனர். பட்டியல் வரிசையாக அமைந்திருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. பத்து இலட்சம் பெயர்கள் இருப்பினும் 20 முறை ஒப்பிட்டால் போதும்.

தாளும் பென்சிலும் எடுத்துப் பழகுங்கள். 4, 9, 15, 22, 31, 40, 58 என எழுதி, 33 உள்ளதா எனத் தேடுவோம். கீழெல்லை 1ஆம் இடம். மேலெல்லை 7ஆம் இடம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் நடு இடம் 4; அங்கிருப்பது 22. நம் எண் பெரிது. எனவே கீழெல்லை 5 ஆகிறது. அடுத்த நடு இடம் 6, அங்கிருப்பது 40. நம் எண் சிறிது. மேலெல்லையும் 5 ஆகிறது. அங்கிருப்பது 31. நம் எண் பெரிது. கீழெல்லை 6 ஆகி, மேலெல்லையைக் கடந்துவிட்டது. இனி, "இல்லை" என்று துணிந்து கூறலாம்.

இவ்வளவு எளிதா என்கிறீர்களா? 1946இலேயே ஜான் மாக்லி என்னும் அமெரிக்க அறிஞர் இம்முறையை எடுத்துரைத்தார். எனினும், எவ்வளவு நீளமான பட்டியலுக்கும் பிழையின்றிப் பொருந்தும் வடிவம் வெளிவரப் பத்தாண்டுகளுக்கு மேலாயிற்று. பின்னாளில் ஜான் பென்ட்லி என்னும் அறிஞர், தொழில்முறை நிரலாளர்களிடம் இதையே பயிற்சியாகக் கொடுத்தார். அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பிழையாகவே எழுதியிருந்தனர்!

அதனினும் வியப்பு பின்னர் நிகழ்ந்தது. பென்ட்லி 1986இல் வெளியிட்ட நூலில் தந்த வடிவத்திலும் ஒரு பிழை மறைந்திருந்தது. அவரிடம் பாடம் கேட்ட ஜோஷ்வா பிளாக், ஜாவா மொழிக்கென எழுதிய நிரலிலும் அதே பிழை நுழைந்தது. பட்டியல் நூறு கோடியைத் தாண்டி நீளும்போது, இரு எல்லைகளின் கூட்டுத்தொகை கணிப்பொறி அதற்கென ஒதுக்கிய இடத்தில் அடங்காமல் குறை எண்ணாக மாறிவிடும். எல்லைகளின் வித்தியாசத்தில் பாதியைக் கீழெல்லையோடு கூட்டினால் இத்தொல்லை இல்லை. 2006இல் பிளாக் தம் தவற்றைத் தாமே உலகறிய எழுதினார். அதனால் அவர் மதிப்புக் குறையவில்லை. பலர் தத்தம் நிரலைத் திருத்திக்கொண்டனர்.

ஆகவே, 'எனக்குத் தெரியும்' என்று பென்சிலைக் கீழே வைத்துவிடாதீர்கள். அதே பட்டியலில் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் தேடுங்கள். பிறகு 2ஐயும் 60ஐயும் தேடுங்கள். ஒரே ஓர் எண் உள்ள பட்டியலிலும், ஒன்றுமே இல்லாத பட்டியலிலும் தேடிப் பாருங்கள். ஆறு இடங்களிலும் சரியான விடை வந்த பின்னரே, கற்றோம் என மகிழுங்கள்.