கார்டு பின்னால இருக்கிற 3 நம்பர் கோயிலுக்கும் வேண்டாம்



தானா ராத்தாவிலும் சுத்தியுள்ள தேயிலைத் தோட்டங்களிலும் பிறந்து, இப்போ கோலாலம்பூர், ஈப்போ, சிங்கப்பூர்னு இருக்கிறவங்க உபயத்துக்கும் அன்னதானத்துக்கும் மறக்காம பணம் அனுப்புறீங்க. ரொம்ப நன்றி. ஆனா ஒரு பழக்கத்தைப் பத்தி கொஞ்சம் கறாரா பேச வேண்டியிருக்கு.

பேங்க் கார்டை முன்னும் பின்னும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டு, "நீங்களே கட்டிடுங்க"ன்னு சிலர் அனுப்புறாங்க. தொண்டர்கள் நாங்க அதை ஏத்துக்கிறதில்லை. வந்தா உடனே அழிச்சிட்டு, வேற வழியில கட்டச் சொல்றோம். "உங்களை நம்பித்தானே அனுப்புறோம்"னு சிலருக்கு மனவருத்தம். இது நம்பிக்கை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லைங்க.

கார்டின் பின்பக்கம் உள்ள 3 நம்பரைத்தான் சிவிவி என்கிறோம். 1990களில் போன் வழியா கார்டு வியாபாரம் பெருகினப்போ வந்த ஏற்பாடு இது. மாஸ்டர்கார்டு 1997ல் கொண்டு வந்தது. கார்டின் கறுப்புப் பட்டையிலோ சிப்பிலோ இந்த நம்பர் கிடையாது. அதனால மெஷினில் தேய்ச்சு கார்டை நகல் எடுத்தவனுக்கும் இது கிடைக்காது. கார்டைக் கையில வச்சிருக்கிறவருக்கு மட்டும் தெரியணும். அதுதான் அதோட வேலையே.

பணம் பிடிச்சு முடிஞ்ச பிறகு கடைக்காரர் இந்த நம்பரைச் சேமிச்சு வைக்கக் கூடாது. இது கார்டு வியாபாரத்துல உலகம் முழுக்க உள்ள விதி. பெரிய கம்பெனிக்கே அனுமதி இல்லாதப்போ, ஒரு தொண்டரோட ஹேண்ட்போனில் அது கிடக்கலாமா? போன் ரிப்பேருக்குப் போகும், தொலையும், பேரப்பிள்ளை கையில விளையாடும். தொண்டர் நல்லவரா இருந்தாலும் போனுக்கு யார் பொறுப்பு?

உண்டியலுக்கு இரண்டு பூட்டு போட்டு, இரண்டு சாவியையும் இரண்டு பேர்கிட்ட கொடுக்கிறோம். அவங்களை நம்பாமலா? இல்லை, ஒழுங்கு அது. 16 நம்பர் ஒரு சாவின்னா, பின்னால உள்ள 3 நம்பர் இரண்டாவது சாவி. இரண்டையும் ஒரே ஆளுக்கு அனுப்பலாமா?

"ஓடிபி இல்லாம பணம் போகாதே"ன்னு கேட்கலாம். சில வெளிநாட்டு இணையக் கடைகள் ஓடிபி கேட்கிறதே இல்லை. ஓடிபியையும் திருடுறாங்க. அதனாலதான் எஸ்எம்எஸ் ஓடிபியை விட்டு மாறச் சொல்லி 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா பேங்குகளுக்குச் சொன்னது. நம்மில் நிறைய பேர்கிட்ட இருக்கிறது டெபிட் கார்டு. போனா சம்பளக் கணக்கிலிருந்து நேரா போயிடும்.

எல்லாத்தையும் விடப் பெரிய காரணம் ஒண்ணு இருக்கு. கோயிலுக்கு கார்டு படம் அனுப்புறது சகஜம்னு ஆயிட்டா, நாளைக்கு எவனோ ஒருத்தன் நம்ம கோபுரப் படத்தை வச்சுக்கிட்டு கேட்டாலும் அனுப்பிடுவீங்க. கோயில் இதைக் கேட்கவே கேட்காதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தா, கேட்கிறவன் திருடன்னு அந்த நிமிஷமே தெரிஞ்சிடும். உங்களுக்குப் பணம் திருப்பித் தர்றோம்னு சொல்லி இந்த நம்பரைக் கேட்டாலும் அதே கதைதான். பணம் போடுறதுக்கு 3 நம்பர் தேவையில்லை.

அதனால எங்க வேண்டுகோள் இதுதான்:

டியூட்நவ் கியூஆரில் கட்டுங்க. கோயில் பேர் சரியா வருதான்னு பார்த்த பிறகு அழுத்துங்க. இல்லைன்னா இங்க இருக்கிற சொந்தக்காரர்கிட்ட கொடுத்து அலுவலகத்துல ரசீது வாங்கச் சொல்லுங்க.

கார்டில்தான் கட்டணும்னா, அந்த 3 நம்பரை நீங்களே உங்க கையால தட்டுங்க. வயசானவங்களுக்குப் பிள்ளைங்க பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கட்டும்.

இணையத்துல வாங்குற பழக்கம் இல்லாதவங்க, பேங்க் செயலியிலோ கிளையிலோ சொல்லி அந்த வசதியை மூடி வைங்க.

ஏற்கனவே யாருக்காவது படம் போயிருந்தா, பேங்கில் சொல்லி கார்டை மாத்திடுங்க. பணம் போயிட்டா வெட்கப்பட்டு உட்காராதீங்க. உடனே பேங்குக்கும் 997க்கும் கூப்பிடுங்க. 2022 அக்டோபரில் தொடங்கின தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தோட நம்பர் அது. சீக்கிரம் சொன்னாத்தான் பணத்தை வழியில தடுக்க வாய்ப்பு. போலீஸ் ரிப்போர்ட்டும் போடுங்க.

ஆயிரம் வெள்ளி உபயம் தர்றவருக்கும் அஞ்சு வெள்ளி அர்ச்சனைக்கும் இதே விதிதான். நாங்க படத்தை வாங்கலைன்னா கோவிச்சுக்காதீங்க. உங்க காசு உழைச்ச காசு.

முருகன் துணை.

ஆலயத் தொண்டர்கள், தானா ராத்தா