இல்லாதவரிடம் பிடிக்கும் பணம்

கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய் நேராக வங்கிக் கணக்குக்கு வரும் என்றார்கள், வந்தது. ஆனால் பணம் எடுக்கப் போன பெண்கள் பலருக்கு அந்த ஆயிரம் முழுதாகக் கிடைக்கவில்லை. மினிமம் பேலன்ஸ் வைக்கவில்லை என்று எப்போதோ விதித்த அபராதத்தை, பணம் வந்து விழுந்த உடனே வங்கிகள் பிடித்துக்கொண்டிருந்தன. அப்போது தமிழக நிதியமைச்சராக இருந்த தங்கம் தென்னரசு கண்டித்து அறிக்கை விட்டார். பிடித்தம் குறித்து 1100 என்ற எண்ணில் புகார் செய்யலாம் என்று அரசு அறிவித்தது.

காலியாகக் கிடந்த கணக்கில் பாக்கி எப்படி வந்தது? அபராதத்தால் மட்டுமே ஒரு சேமிப்புக் கணக்கின் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2014 நவம்பரில் வெளியாகி, 2015 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இருப்பு குறைந்தால் வாடிக்கையாளருக்கு முதலில் தகவல் தர வேண்டும். சரிசெய்ய ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும். எவ்வளவு குறைகிறதோ அதற்கேற்பத்தான் அபராதம் இருக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவில் உள்ளது. வங்கிகள் என்ன செய்கின்றன என்றால், இருப்பை மைனஸில் காட்டுவதில்லை. பிடிக்க முடியாத தொகையைப் பாக்கியாகத் தனியே குறித்துவைத்து, அடுத்து எந்தப் பணம் வந்தாலும் அதிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. அது நூறு நாள் வேலைக் கூலியா, முதியோர் ஓய்வூதியமா, பிள்ளையின் கல்வி உதவித்தொகையா என்று கணினி பார்ப்பதில்லை. அரசு உதவித் தொகையிலிருந்து பழைய கட்டணப் பாக்கியைக் கழிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி வெளிப்படையாகத் தடை விதிக்க வேண்டும். வங்கிகளின் நல்லெண்ணத்துக்கு விட்டுவைக்கும் விஷயம் அல்ல இது.

தொகையின் அளவைப் பார்த்தால் இது சில்லறை விவகாரமாகத் தெரியாது. பொதுத்துறை வங்கிகளும் ஐந்து பெரிய தனியார் வங்கிகளும் 2018 முதல் மினிமம் பேலன்ஸ் அபராதமாக மட்டும் 21,000 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்ததாக 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. கூடுதல் ஏடிஎம் பரிவர்த்தனைகளுக்காக 8,000 கோடிக்கு மேல். எஸ்எம்எஸ் அனுப்பியதற்காக 6,000 கோடிக்கு மேல். 2017 ஏப்ரல் முதல் நவம்பர் வரை பாரத ஸ்டேட் வங்கி மினிமம் பேலன்ஸ் அபராதத்தில் ஈட்டியது 1,771 கோடி. அதே ஆண்டு ஜூலை–செப்டம்பர் காலாண்டில் அந்த வங்கியின் நிகர லாபமே அதைவிடக் குறைவு.

இதற்கு எழுந்த எதிர்ப்பு வீண்போகவில்லை. ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சில் இந்த அபராதத்தைக் கைவிட்டது. 2025இல் கனரா வங்கி, பஞ்சாப் நேஷனல் வங்கி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி என்று வரிசையாகப் பின்தொடர்ந்தன. ஆனால் அதே 2025 ஆகஸ்டில் ஐசிஐசிஐ வங்கி, பெருநகரங்களில் புதிதாகக் கணக்குத் தொடங்குவோர் 50,000 ரூபாய் இருப்பு வைக்க வேண்டும் என்று அறிவித்தது. கடும் கண்டனத்துக்குப் பிறகு 15,000 என்று இறங்கிவந்தது. குறைந்தபட்ச இருப்பை முடிவுசெய்வது அந்தந்த வங்கியின் உரிமை என்றார் ரிசர்வ் வங்கி ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ரா. பிடிக்காதவர் வேறு வங்கிக்குப் போகலாமே என்பது இதன் உட்பொருள். ஆனால் சம்பளக் கணக்கை எந்த வங்கியில் தொடங்குவது என்று தொழிலாளி தீர்மானிப்பதில்லை, கம்பெனிதான் தீர்மானிக்கிறது. வேலை போனால், பல வங்கிகளில் மூன்று மாதம் சம்பளம் வராததை வைத்தே அந்தக் கணக்கு சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாறிவிடுகிறது. வருமானம் நின்ற நேரத்தில் அபராதம் தொடங்குகிறது. வேலையை விட்டவர்கள் முதல் வேலையாக அந்தக் கணக்கை மூட வேண்டும், அல்லது ஜீரோ பேலன்ஸ் கணக்காக மாற்றித் தரும்படி எழுதிக் கொடுக்க வேண்டும்.

அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்ற அந்த ஜீரோ பேலன்ஸ் கணக்கை எல்லா வங்கிகளும் தர வேண்டும் என்று 2012இலேயே ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. ஜன்தன் கணக்குக்கும் இதுவே அடித்தளம். கிளைகளில் இதைத் தாமாக எடுத்துச் சொல்லும் ஊழியர்கள் அரிது. கேட்டுத்தான் வாங்க வேண்டும். அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. மாதம் நான்கு முறை பணம் எடுக்கக் கட்டணம் கிடையாது. நான்கைத் தாண்டினால் ஸ்டேட் வங்கி ஒவ்வொரு முறைக்கும் 17 ரூபாய் 70 காசு பிடித்தது, யுபிஐ மூலம் செலுத்தியதற்கும் சேர்த்து. மும்பை ஐஐடி பேராசிரியர் ஆசிஷ் தாஸ் இதைத் தொடர்ந்து அம்பலப்படுத்தினார். 2020 ஜனவரி 1க்குப் பிறகு ரூபே, யுபிஐ பரிவர்த்தனைகளுக்குப் பிடித்த கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் அதே ஆண்டு ஆகஸ்டில் வங்கிகளுக்கு உத்தரவிட்டது.

ஏடிஎம்மில் எத்தனை முறை இலவசம் என்பது பலருக்குக் குழப்பம். சொந்த வங்கி ஏடிஎம்மில் மாதம் ஐந்து முறை இலவசம். பிற வங்கி ஏடிஎம்மில் சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மூன்று முறை. மதுரை, கோவை போன்ற மற்ற ஊர்களில் ஐந்து முறை. அதைத் தாண்டினால் 2025 மே 1 முதல் ஒரு தடவைக்கு 23 ரூபாய் வரை பிடிக்கலாம். ஜிஎஸ்டியும் சேர்த்தால் 27 ரூபாய் 14 காசு. 500 ரூபாய் எடுப்பவருக்கு இது நூற்றுக்கு ஐந்துக்கும் மேல். பிற வங்கி ஏடிஎம்மில் இருப்பு எவ்வளவு என்று பார்ப்பதும் அந்த இலவச முறைகளில் ஒன்றாகிவிடும். செல்பேசியில் மிஸ்டு கால் கொடுத்தே அதைத் தெரிந்துகொள்ளலாம். இயந்திரத்தில் பணம் இல்லாமலோ, கோளாறாலோ, பின் எண் தவறியதாலோ நின்றுபோன பரிவர்த்தனையை இலவச எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. கணக்கில் கழிந்து பணம் வெளியே வரவில்லை என்றால் ஐந்து நாளுக்குள் திரும்ப வர வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் வங்கி நமக்கு 100 ரூபாய் தர வேண்டும். கேட்காமலேயே தர வேண்டும் என்பதுதான் விதி.

எல்லாவற்றையும்விட அதிகம் காயப்படுத்துவது தவணை பவுன்ஸ் ஆகும்போது விழும் கட்டணம். இரு சக்கர வாகனக் கடனுக்கு மாதம் 2,500 ரூபாய் தவணை. 5ஆம் தேதி கணக்கில் இருப்பது 2,380 என்று வைத்துக்கொள்வோம். 120 ரூபாய்தான் குறைவு. இருப்பதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பிறகு தரச் சொல்லும் ஏற்பாடு கிடையாது. தவணை முழுதாகத் திரும்புகிறது. வங்கி 250 ரூபாயும் ஜிஎஸ்டியுமாக 295 பிடிக்கிறது. கடன் கொடுத்த நிறுவனம் 500 ரூபாய் பவுன்ஸ் கட்டணம் போடுகிறது. வங்கி பிடித்ததால் இருப்பு 2,085 ஆகிவிட்டது. நிறுவனம் நாலு நாள் கழித்து மறுபடியும் அதே தவணையைக் கேட்கிறது. இடையில் அவர் 120 ரூபாயைப் புரட்டிப் போட்டிருந்தாலும் 295 குறைகிறது. மீண்டும் திரும்புகிறது, மீண்டும் 295. முதல் கட்டணமே இரண்டாவது தவறுக்குக் காரணமாகிறது. பாஸ்புக்கில் இவை ஆங்கிலச் சுருக்கெழுத்து வரிகளாக மட்டும் பதிவாகின்றன. ஒரே தவணைக்கு ஒரு மாதத்தில் ஒரு முறைக்கு மேல் வங்கி இந்தக் கட்டணத்தைப் பிடிக்கக் கூடாது என்று விதி வந்தாக வேண்டும்.

அதுவரை, தவணைத் தேதியைச் சம்பளத் தேதிக்கு இரண்டு மூன்று நாள் பிந்தி மாற்றித் தரும்படி நிறுவனத்திடம் எழுத்தில் கேட்கலாம். கடன் வாங்கும்போதே கேட்பது இன்னும் நல்லது. ஒரு முறை திரும்பிவிட்டால், கட்டணத்தையும் சேர்த்துக் கணக்கில் போட வேண்டும். ஒழுங்காக இயங்கிவரும் ஜன்தன் கணக்கு என்றால், ஓவர்டிராஃப்ட் வசதியாக 10,000 ரூபாய் வரை கேட்டுப்பார்க்கலாம். அதில் 2,000 ரூபாய் வரை நிபந்தனை இல்லை.

தவறாகப் பிடித்திருந்தால் கிளையில் எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448. கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. தபாலில் அனுப்பும் புகார்களைப் பெறும் சண்டிகர் மையம் எந்த மொழியில் எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும், தமிழிலேயே எழுதலாம்.