கோடிக்கரைக் குழகர்

வேதாரண்யத்திலிருந்து தெற்கே சுமார் 10 கிலோமீட்டர் சென்றால் நிலம் முடிந்துவிடுகிறது. வடக்கிலிருந்து நேராக இறங்கிவரும் சோழநாட்டுக் கடற்கரை, இவ்விடத்தில் மேற்கு நோக்கித் திரும்புகிறது. கோடி என்பது இங்கே எண்ணைக் குறிப்பதன்று. கடைசி முனை என்பதும் வளைவு என்பதும் அச்சொல்லின் பழம்பொருள்கள். இரண்டும் பொருந்தியமையால் இவ்வூர் கோடிக்கரை எனப்பட்டது.

குழகர் என்றால் இளமையும் அழகும் உடையவர். நிலத்தின் கோடியில் எழுந்தருளிய குழகர் கோடிக்குழகர் ஆனார். அமிர்தகடேசுவரர் என்னும் திருநாமமும் இவருக்கு உண்டு. அம்பிகை மையார்தடங்கண்ணி. காவிரித் தென்கரைத் தலங்களுள் இது 127ஆவது. தென்கரை வரிசையும் இங்கேயே நிறைவுறுகிறது.

இவ்வூரின் பழைய நிலையை அறியச் சுந்தரர் அருளிய தேவாரப் பதிகமே சிறந்த சான்று. திருமறைக்காட்டை வணங்கிய பின், சேரமான் பெருமாளுடன் சுந்தரர் இங்கு வந்தார் என்கிறது பெரியபுராணம். அவர் கண்டது செழித்த பட்டினத்தை அன்று. கடற்காற்று ஓயாமல் மோதும் கரை, கூகைகள் குழறும் காடு, கொடிய வேடர்; அருகில் குடியிருப்பே இல்லை. அவர் தமக்கென எதையும் கேட்கவில்லை. பக்கத்தில் நாலு குடிகள் இருந்தால் ஆகாதோ, யார் துணையாக இங்கே தனித்திருக்கிறீர் என்று இறைவனையே வினவி உருகினார்.

அடியார் துயரை ஆண்டவன் துடைப்பது எங்கும் உள்ள வழக்கம். ஆண்டவன் தனித்திருக்கிறானே என்று அடியார் வருந்தியது இத்தலத்தின் தனிச்சிறப்பு. தோழமை நெறியில் நின்ற சுந்தரருக்கே அவ்வுரிமை வாய்த்தது. வெறிச்சோடிய வீட்டில் முதியவர் ஒருவர் தனித்திருக்கக் காணும் உறவினர், 'துணைக்கு யார் இருக்கிறார்கள்?' என்றுதானே முதலில் கேட்பார்!

இன்று கோடிக்கரையில் மீனவர் குடிகள் உண்டு. ஆடி, தை அமாவாசைகளில் ஆதிசேது நீராட மக்கள் திரள்கின்றனர். நீராடியவர்கள் ஊர் திரும்பியதும் கரையில் அலையோசையே எஞ்சுகிறது.

வேதாரண்யம் வரை சென்று மறைக்காட்டீசரை வணங்குவோர், அத்துடன் திரும்பிவிடாமல் எஞ்சிய 10 கிலோமீட்டரையும் கடந்து குழகர் சந்நிதியில் ஒரு விளக்கேற்றிச் சிறிது நேரம் அமர்ந்து வரலாம். சுந்தரர் கேட்ட துணை அதுவே.