திரையில் தெரிவதெல்லாம் உண்மையா?

புக்கிட் மேராவில் நான் கற்பிக்கும் பள்ளியில் சென்ற வாரம் ஒரு சோதனை. கொதிக்கும் நீரின் வெப்பநிலையை மின்னணு வெப்பமானியால் அளக்க வேண்டும். ஒரு குழுவின் கருவி பழுதாகி 132 டிகிரி செல்சியஸ் காட்டியது. நால்வரும் அதை அப்படியே எழுதியிருந்தார்கள். “தண்ணி 100 டிகிரியில கொதிக்கும்னு தெரியாதா?” என்று கேட்டேன். “தெரியும் சார். ஆனா திரையில 132ன்னுதானே வருது!” என்றார் ஒருவர்.

அந்தப் பதில், நம் சாங்கியிலிருந்து கிளம்பிய ஒரு விமானத்தை நினைவூட்டியது.

2008 அக்டோபர் 7. குவான்டாஸ் 72 விமானம் 315 பேருடன் பெர்த் நகருக்குப் பறந்துகொண்டிருந்தது. 37,000 அடி உயரத்தில் திடீரென அதன் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்தது. இருக்கைவார் அணியாதவர்கள் கூரையில் மோதினார்கள். தலைமை விமானி கெவின் சல்லிவன் உடனே கட்டுப்பாட்டுப் பிடியைப் பின்னால் இழுத்தார். முதலில் விமானம் அதற்கு இணங்கவில்லை. சில நொடிகளில் நிமிர்ந்தது. மூன்று நிமிடங்களுக்குள் மீண்டும் ஒரு சரிவு.

ஏன் அப்படி? மின்விசிறிக்கு முன் ஓர் அட்டையைச் சற்றுச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். காற்று அதை மேலே தள்ளும். இறக்கையும் எதிர்வரும் காற்றும் இப்படிச் சந்திக்கும் கோணமே தாக்குகோணம். அது அளவு மீறினால் இறக்கையின் மேல் காற்று சீராக ஓடாது, தூக்குவிசை குறைந்துவிடும். அதனால் கோணம் மிகும்போது கணினியே மூக்கைத் தாழ்த்தும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அன்று தகவல் அனுப்பும் மூன்று கருவிகளில் ஒன்று, தாக்குகோணம் 50 டிகிரிக்கு மேல் என்று இடையிடையே தவறாகச் சொன்னது. அதை வடிகட்டும் நிரலிலும் ஓர் ஓட்டை இருந்தது. இல்லாத ஆபத்திலிருந்து விமானத்தைக் காப்பாற்றக் கணினி முனைந்தது!

சல்லிவன் தானியக்கத்தை நம்பாமல், விமானத்தைக் கையால் ஓட்டி லியர்மன்த்தில் தரையிறக்கினார். குறைந்தது 119 பேர் காயமடைந்தார்கள். உயிரிழப்பு இல்லை.

அப்படியானால் கணினியே வேண்டாம், மனிதர் போதும் என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். 2009 ஜூன் 1ஆம் தேதி ஏர் பிரான்ஸ் 447 விமானத்தின் வேகமானிக் குழாய்களைப் பனித்துகள்கள் அடைத்தன. தானியக்கம் விலகிக்கொண்டது. வேக அளவு ஒரு நிமிடத்துக்குள் சரியானது. ஆனால் குழம்பிய விமானி மூக்கை உயர்த்திக்கொண்டே இருந்தார். தூக்குவிசை இழந்த விமானம் அட்லாண்டிக் கடலில் விழுந்து 228 பேரும் இறந்தார்கள். உயரத்தில் கையால் ஓட்டிப் பழகும் வாய்ப்பு விமானிகளுக்கு அரிதாகவே இருந்தது.

விமானியை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. 2018இல் ஜகார்த்தாவில் கிளம்பிய லயன் ஏர் விமானமும், 2019இல் எத்தியோப்பிய விமானமும் விழுந்து 346 பேர் இறந்தார்கள். இரண்டும் போயிங் 737 மேக்ஸ். ஒரே ஒரு தாக்குகோண உணரியை நம்பி, மூக்கைத் திரும்பத் திரும்பத் தாழ்த்தும் மென்பொருள் அதில் இருந்தது. லயன் ஏர் விபத்துக்கு முன்பு, அப்படி ஒரு மென்பொருள் இருப்பதே விமானிகளுக்குச் சொல்லப்படவில்லை. 2019 மார்ச் 12 அன்று சிங்கப்பூரும் அவ்வகை விமானங்களுக்குத் தடை விதித்தது.

என் கருத்து இதுதான். கருவியைச் செய்பவர், அது எப்படி வேலை செய்கிறது, எப்போது தவறும் என்பதை மறைக்கக்கூடாது. கருவியைப் பயன்படுத்துபவர், அது இல்லாமலும் வேலையைச் செய்யும் பழக்கத்தை விட்டுவிடக்கூடாது. இரண்டில் எது குறைந்தாலும் ஆபத்து.

இரண்டாவது கடமை உங்களுக்கும் உண்டு. கணிப்பானைத் தட்டுமுன் விடை ஏறத்தாழ எவ்வளவு இருக்கும் என்று மனத்தில் போட்டுப் பாருங்கள். திறன்பேசி காட்டும் வழியில் நடந்தாலும் எந்தத் திசையில் போகிறோம் என்பதைக் கவனியுங்கள். செயற்கை நுண்ணறிவு பதில் தந்தால், “இது பொருந்துகிறதா?” என்று ஒருமுறை கேளுங்கள்.

அந்த நால்வரும் வேறு வெப்பமானியை எடுத்து மீண்டும் அளந்தார்கள். இந்த முறை 99.6 டிகிரி. பழைய எண்ணை அழிக்க வேண்டாம் என்று சொன்னேன். அதன் பக்கத்தில், “கருவி பழுது, நம்பவில்லை” என்று எழுதச் சொன்னேன். அறிவியல் அங்கேதான் தொடங்குகிறது.