ஊசிக்குள் இன்சுலின் மட்டுமா?



சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர்; இப்போது இனிப்பு நீருக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறார். "ஊசியில் பழைய தோட்டத்து ஆஸ்பத்திரி வாசம் அடிக்கிறது. மருந்து கெட்டுவிட்டதா?" என்று கேட்கிறார்.

அந்த வாசம் கெட்டுப்போனதற்கு அடையாளம் அல்ல, அம்மா. அது மெட்டா கிரெசோல். தரை கழுவிய பழைய லைசோலிலும் கிரெசோல் வகைகள்தான் இருந்தன. ஒரே குப்பியில் பல நாள் ஊசி நுழைவதால், கிருமி வளராமல் காப்பதற்குப் பல இன்சுலின்களில் ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 3 மில்லிகிராம் மெட்டா கிரெசோல் சேர்க்கிறார்கள். சிலவற்றில் ஃபீனாலும் உண்டு. இவற்றோடு துத்தநாகம் சேர்ந்து இன்சுலின் மூலக்கூறுகளை ஆறு ஆறாகக் கட்டி வைக்கிறது. மருந்து சிதையாமல் இருக்க அது உதவுகிறது. சில இன்சுலின்களில் சேர்க்கும் கிளிசரால், கரைசலின் அடர்த்தியை உடலின் நீரோடு ஒத்துப்போகச் செய்கிறது.

மாட்டிறைச்சி தொடாத நம் வீடுகளில் இன்னொரு கவலையும் கேட்கிறேன். ஒரு காலத்தில் இன்சுலினை மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்துதான் எடுத்தார்கள். நுண்ணுயிரியில் தயாராகும் மனித இன்சுலினுக்கு 1982-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. இன்று நம் அரசாங்க கிளினிக்குகளில் பெரும்பாலும் தருவது அவ்வகைதான். ஆனால் கலங்கலாக இருக்கும் இன்சுலினில் புரோட்டமைன் சேர்கிறது. மருந்து மெதுவாக இறங்குவதற்காக டென்மார்க்கின் ஹாகெடோர்ன் 1936-இல் கண்ட வழி அது. அந்தப் புரதம் பெரும்பாலும் சால்மன் இன மீனின் விந்திலிருந்து வருகிறது. சைவம் காப்பவர்களிடம் இதை மறைக்கக் கூடாது என்பது என் எண்ணம். அதற்காக யாரும் ஊசியை நிறுத்திவிட வேண்டாம். புரோட்டமைன் இல்லாத வகைகளும் உண்டு, டாக்டரிடம் பேசுங்கள்.

கலங்கல் இன்சுலினை உள்ளங்கைகளுக்கிடையே உருட்டச் சொல்வதும் இந்தப் புரோட்டமைனால்தான். அடியில் படிந்தது கலக்காவிட்டால் ஒரு நாள் மருந்து குறையும், மறுநாள் கூடும். தெளிந்த வகைக்கு உருட்டல் தேவையில்லை. எதையும் ஐஸ் பெட்டியில் உறைய விடாதீர்கள், தகரக் கூரைக்கடியில் வெந்துபோகவும் விடாதீர்கள்.

ஊசி போட்ட இடம் திரும்பத் திரும்பத் தடித்து அரித்தால் மருந்தாளுநரிடம் காட்டுங்கள். அரிதாக, கிரெசோலே ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

இவற்றில் பலவும் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில் இருக்கின்றன, மலாயிலும் ஆங்கிலத்திலும். தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்தித் தோட்டத்துக்குப் போன தலைமுறை அதை எப்படி வாசிக்கும்? 2019 தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். அந்தத் தாள் தமிழிலும் வேண்டும் என்று சுகாதார அமைச்சை நாம் உரிமையோடு கேட்க வேண்டும்.

அதுவரை, மருந்தாளுநர் ஒருவர் சரிபார்த்த தமிழ் விளக்கத்தை மாதம் ஒரு மருந்துக்கு வெளியிட விரும்புகிறோம். எந்த மருந்திலிருந்து தொடங்கலாம் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர், ஈப்போ