குழம்பிய ஓசையை நிதானித்தல்



நிலத்தில் மறைந்திருந்த பொக்கிஷத்தையும் தொலைந்துபோன வெள்ளிக்காசையும் குறித்து ஆண்டவர் சொன்ன உவமைகளை நாம் பலமுறை தியானித்திருக்கிறோம். காசைத் தொலைத்த பெண்ணுக்கு ஒரு விளக்கும் துடைப்பமுமே துணை. இன்று இங்கிலாந்தின் வயல்களில் பழங்காசு தேடுவோர் கையில் மெட்டல் டிடெக்டர் இருக்கிறது. கருவி வந்ததால் தேடுதல் எளிதாகிவிட்டது என்று எண்ணுவோர் உண்டு. என் எண்ணம் வேறு. கருவி எழுப்பும் ஓசையை நிதானித்து அறிவதே கடினமான பகுதி; அவசரம் அங்கேதான் இழப்பை உண்டாக்குகிறது.

கருவியின் அடியிலுள்ள கம்பிச்சுருள் மண்ணுக்குள் மாறும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அதனால் புதைந்த உலோகத்தில் சிறு மின்னோட்டங்கள் சுழல்கின்றன. அவற்றின் விளைவை உணர்ந்து, கருவி ஓசையாகவும் திரையில் ஓர் எண்ணாகவும் தெரிவிக்கிறது. வெள்ளியும் செம்பும் பெரும்பாலும் உயர்ந்த ஓசை தரும். இரும்பு தாழ்ந்து உறுமும். இம்மட்டும் தெளிவுதான். ஆனால் மெல்லிய பொற்காசு அலுமினியத் தாளின் எண்ணைக் காட்டக்கூடும். துருவேறிய பெரிய இரும்புத்துண்டு வெள்ளியைப் போல ஒலிக்கும். நல்ல காசு ஓர் ஆணியின் அருகே கிடந்தால் ஆணியின் ஓசை அதை மூடிவிடும். விளிம்பில் நின்றபடி புதைந்திருந்தால் நலிந்தே கேட்கும். உலோகத்தின் தன்மையோடு அளவும் வடிவமும் ஆழமும் கிடக்கும் நிலையும் கலந்தே அந்த எண் பிறக்கிறது. அதைப் பொருளின் பெயராக வாசிப்பது பேதைமை.

இரும்பின் ஓசையைக் கேளாதபடி விலக்கும் வசதியும் கருவியில் உண்டு. ஆணிகள் நிறைந்த நிலத்தில் அது காதுக்கு இளைப்பாறுதல் தரும் என்பதை மறுக்கவில்லை. ஆயினும் இரும்பின் பக்கத்தில் கிடக்கும் காசையும் சேர்த்து விலக்கிவிடுமாகையால், அதில் முழுமையாய்ச் சாய்ந்திருப்பதை நான் ஆதரிப்பதில்லை. ஒரு திசையில் கேட்டதைக் குறுக்குத் திசையிலும் வீசிக் கேட்பதே நல்ல வழி. இரண்டிலும் ஓசை நிலைத்தால் தோண்டலாம். ஒரு திசையில் உயர்ந்து மறுதிசையில் உடைந்தால் அது பெரும்பாலும் இரும்பு. "பெரும்பாலும்" என்ற சொல்லைக் கவனியுங்கள்.

2010 ஏப்ரலில் சாமர்செட்டிலுள்ள ஃப்ரோம் நகருக்கு அருகே ஒரு வயலில், மருத்துவமனைச் சமையல்காரரான டேவ் கிறிஸ்ப் இத்தகைய விநோதமான ஓசையைக் கேட்டார். தெளிவில்லையே என்று கடந்துபோகாமல் தோண்டினார். காசும் பானையின் பகுதியும் தென்பட்டன. உடனே தோண்டுவதை நிறுத்திக் குழியை மூடினார், தொல்லியலாளருக்கு அறிவித்தார். ஓசையைக் கேட்டுத் தோண்டியதைவிட, கையை விலக்கிக்கொண்டதையே நான் பெரிதாக எண்ணுகிறேன். பொக்கிஷத்தைக் கண்ணால் கண்டபின் மண்ணைத் திரும்பப் போட எத்தனை பேருக்கு மனம் வரும்?

தொல்லியலாளர்கள் அடுக்கடுக்காக எடுத்தபோது, ஏறக்குறைய 160 கிலோ எடையில் 52,503 ரோமக் காசுகள் கிடைத்தன. அவற்றுள் காலத்தால் பிந்தியவற்றில், பிரித்தானியாவைத் தனியே ஆண்ட கரௌசியஸின் காசுகளும் இருந்தன. ஆண்டுதோறும் சேர்த்த உண்டியலாயின் அவை மேலே இருந்திருக்க வேண்டும்; அவற்றின் பெரும்பகுதியோ பானையின் கீழ்ப்பாதியில் இருந்தது. ஆகவே ஒரே காலத்தில் கொட்டி நிரப்பப்பட்டது என்று கருதினார்கள். அத்தனை எடையை அந்த மண்பானை சுமந்துவந்திருக்கவும் இயலாது; குழியில் வைத்த பிறகே நிரப்பியிருக்க வேண்டும். அவசரத்தில் திரும்ப எடுப்பதற்கு வசதியான ஏற்பாடாக அது தோன்றவில்லை. அவர் கைநிறைய அள்ளியிருந்தால் காசுகளின் எண்ணிக்கை குறைந்திராது. எந்தக் காசு எதன்மேல் கிடந்தது என்பது மட்டும் அழிந்திருக்கும். பயத்தில் பதுக்கிய செல்வமா, தங்கள் தெய்வங்களுக்கு அந்த மக்கள் படைத்த காணிக்கையா என்ற விவாதம் எழுந்ததே அந்த அடுக்குகளால்தான்.