துப்பறியும் புதினமும் ஐந்தாண்டுச் சம்மதமும்

சில மாதங்களுக்கு முன், நூலகத்திற்கு வாங்க வேண்டிய நூல்களின் பட்டியலை வைத்துக்கொண்டு நாம் சிலர் அமர்ந்திருந்தபோது, அதில் இடம்பெற்ற துப்பறியும் புதினங்களை ஒரு பெரியவர் விரலால் சுட்டினார். சமுதாயப் பணியிலேயே தலை நரைத்தவர், நம் பெருமதிப்பிற்குரியவர். "துப்பறிதல் என்பது பிறர் மறைவைத் துருவுவதுதானே? திருமறை அதைத் தடுத்திருக்க, அதையே கதையாக்கிப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா?" என்று கேட்டார். நாம் விடையிறுக்கவில்லை. விடை தெரியாமையே காரணம். இன்று ஓரளவு தெரிகிறது. ஆதலின் இம்மலரில் எழுதத் துணிகிறோம்.

முதற்கண் ஒன்றை ஒப்புக்கொள்வோம். இவ்வகைப் புதினங்களை நாம் விரும்பிப் படிப்பவர்கள். மறுநாள் வகுப்பிற்காக இளம்பூரணர் உரையைப் புரட்ட வேண்டிய இரவுகளிலும் இவற்றைப் புரட்டியதுண்டு. குருதி தெறிக்கும் கதைகளைச் சொல்லவில்லை. காவல்துறையைச் சாராத யாரோ ஒருவர், தம் இயல்பான கூரறிவால் ஒரு முடிச்சை அவிழ்ப்பார். இடையிடையே நகைப்பு இருக்கும். அவருக்கும் இன்னொருவருக்கும் இடையே அன்பு மெல்ல அரும்பும். இத்தகைய கதைகளையே சொல்கிறோம். நகைச்சுவையோடு துப்பறிதல் தமிழுக்கும் புதிதன்று. 1942இல் ஆனந்த விகடனில் தேவன் எழுதிய துப்பறியும் சாம்புவை நம் மூத்தோர் மறந்திரார். வங்கி எழுத்தராயிருந்து வேலையிழந்த அந்த அப்பாவி, அறிவால் அன்றி அதிர்ஷ்டத்தால் துப்புத் துலக்கியவன்.

தேவன் மறைந்த அதே 1957இல் இங்கிலாந்தில் மறைந்தவர் டொரதி சேயர்ஸ். அவருடைய புதினங்கள் இரண்டே நம் வாதத்திற்குப் போதும்.

முதலாவது 1930இல் வெளிவந்த 'ஸ்ட்ராங் பாய்சன்'. துப்பறியும் கதைகள் எழுதிப் பிழைக்கும் ஹாரியட் வேன் என்னும் பெண், தன் முன்னாள் காதலனுக்கு நஞ்சூட்டிக் கொன்றதாகக் கூண்டில் நிற்கிறாள். அவனோடு மணமின்றி வாழ்ந்தவள் அவள். அவ்வாழ்வை நாம் ஏற்பதற்கில்லை. ஆயின் நீதிமன்றம் என்ன செய்கிறது? அப்படி வாழ்ந்தவள் கொலையும் செய்திருப்பாள் என்று எண்ணுகிறது. ஒரு பிழை மற்றொரு பிழைக்குச் சான்றாகுமா? ஜூரிகளுள் ஒருவரான முதிய கன்னி, பக்தி மிக்கவர், ஹாரியட்டின் ஒழுக்கத்தை ஒருபோதும் பாராட்டாதவர், அவர்தாம் உடன்பட மறுக்கிறார். வழக்கு மறு விசாரணைக்குப் போகிறது. அந்த இடைவெளியில் பிரபு குலத்து இளைய மகனான பீட்டர் விம்சி உண்மையைத் தேடிப் புறப்படுகிறான். அதே முதிய கன்னி ஒரு தாதியை நம்ப வைப்பதற்காக, மனச்சான்று உறுத்த உறுத்த, ஆவிகளோடு பேசுபவராக நடிக்கும் பகுதியைப் படித்துச் சிரிக்காதவர் இரார்.

சிறையில் ஹாரியட்டைச் சந்தித்த முதல் நாளே பீட்டர் அவளை மணக்கக் கேட்கிறான். அவள் மறுக்கிறாள். விடுதலை பெற்ற பின்னும் மறுக்கிறாள். தூக்குக் கயிற்றிலிருந்து காத்தவனை ஒருத்தி மறுப்பதா எனப் படிப்போர்க்குச் சினமே வரும். நமக்கும் வந்தது. பிறகே விளங்கிற்று: காத்தவன் என்பதுதான் தடை. தலைவன் தலைவியரிடையே இருக்க வேண்டிய ஒப்புமைகள் பத்தினைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்ணிக் காட்டுகிறார். பிறப்பும் குடிமையும் அதில் உண்டு. அருளும் உணர்வும் உண்டு. ஒருவர் மற்றவர்க்குக் கடன்பட்டிருத்தலாகாது என்ற பதினொன்றாவதை ஹாரியட் சேர்க்கிறாள் எனலாம். நன்றியைக் காதலென மயங்கி மணந்தால் வாழ்நாளெல்லாம் தலைகுனிந்தே இருக்க நேரும் என்பது அவள் அச்சம். ஐந்தாண்டு காத்திருக்கிறான் பீட்டர். கேட்பதையும் விடவில்லை, மறுப்பைக் குற்றமாக்கவும் இல்லை.

நிக்காஹ் வேளையில் சாட்சிகளோடு சென்று மணமகளிடம் சம்மதம் கேட்டு வருதல் நம் வழக்கம். விடைக்கு எத்தனை நொடி தருகிறோம்?

இனிப் பெரியவரின் வினாவிற்கு வருவோம். 1935இல் வெளிவந்த 'காடி நைட்' ஒரு கொலையும் நிகழாத துப்பறியும் கதை. ஆக்ஸ்போர்டில் கற்பனையாக அமைத்த ஒரு மகளிர் கல்லூரியே களம். பெயரில்லா வசைக் கடிதங்கள் ஒவ்வொருவர் கையிலும் வந்து விழுகின்றன. நூல்களும் கையெழுத்துப் படிகளும் பாழாக்கப்படுகின்றன. வெளியே தெரிந்தால் பெண்கல்வியே பழிக்கப்படும் என அஞ்சும் ஆசிரியைகள் பழைய மாணவியான ஹாரியட்டை அழைக்கின்றனர். அந்த அச்சம் வெற்றச்சம் அன்று. ஆக்ஸ்போர்டு மகளிர்க்குப் பட்டம் வழங்கத் தொடங்கியதே 1920இல்தான். சேயர்ஸ் படிப்பை முடித்தது 1915இல். பட்டம் கைக்கு வந்தது அந்த 1920இல். படைத்தவர்க்கும் ஐந்தாண்டு, படைப்பிற்கும் ஐந்தாண்டு!

அக்கல்லூரியில் ஐயம் எத்திசை செல்கிறது? மணமாகாது கல்வியே வாழ்வாகக் கொண்ட பெண்களுக்கு உள்ளம் பேதலித்திருக்கும் என்று எல்லோரும் எண்ணுகின்றனர். அப்பெண்களே ஒருவரையொருவர் அப்படிப் பார்க்கத் தொடங்குகின்றனர். ஊர்ப்பேச்சால் தூக்குமேடை வரை சென்று மீண்ட ஹாரியட்டும் அதே குழியில் விழுகிறாள். குற்றவாளி யாரென்று சொல்லோம். அது படிப்போர் உரிமை. அந்த ஐயம் தவறு என்று மட்டும் சொல்வோம்.

திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயமான ஹுஜுராத்தில், 12ஆம் வசனம் வீண் ஐயத்தையும் துருவி ஆராய்தலையும் புறம்பேசுதலையும் ஒருசேர விலக்குகிறது. பெரியவர் மனத்தில் இருந்தது அதுவே. ஆறு வசனங்களுக்கு முன்னால், தீயவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரியுங்கள், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்து விடாதீர்கள் என்னும் கட்டளையும் உள்ளது. துருவுதல் வேறு, தெளிதல் வேறு. குற்றம் கிடைக்காதா என்று தேடுகிறவன் துருவுகிறான். சுமத்தப்பட்ட பழி மெய்தானா என்று தேடுகிறவன் தெளிகிறான். நல்ல துப்பறியும் புதினம் இரண்டாவதைச் செய்கிறது. முதலாவதைச் செய்வோரின் முகத்தையும் காட்டிவிடுகிறது. பெயரில்லாக் கடிதம் இன்று கைப்பேசியில் பகிரப்படும் செய்தியாக உருமாறியுள்ளது. அதன் பொருட்டு ஒரு மாணவி படிப்பை நிறுத்திய கொடுமையை நாமே கண்டிருக்கிறோம். அச்செய்தியைப் பகிர்ந்தோருள் துப்பறியும் கதை படித்தவர் யாருமிலர் என்று சாதிக்க மாட்டோம். படிப்பதனாலேயே எல்லோரும் திருந்தி விடுவதில்லை.

இவ்வகை நூல்களில் பெரும்பாலானவை பொழுதுபோக்கன்றி வேறில்லை என்பதையும் மறைக்கவில்லை. அவற்றையும் படிக்கிறோம். வகுப்பில் சிலப்பதிகார வழக்குரை காதையை நடத்தும்போது, ஒரு சிலம்பை உடைத்துப் பார்க்கும் வரை பொறுத்திராத பாண்டியனைப் பற்றி மாணவர்கள் கேட்கும் கேள்விகள் கூர்மையாக இருக்கும் நாள்களில், இவர்கள் இரவில் எதைப் படித்தார்கள் என்று நமக்கு ஐயம் எழுவதுண்டு.

'காடி நைட்' முடிவில் பீட்டர் மீண்டும் கேட்கிறான். பட்டமளிப்பு விழாவிற்குரிய இலத்தீனில், அவளைப் பட்டம் பெற்றவளாகவே விளித்துக் கேட்கிறான். அவள் ஒரே சொல்லில் இசைகிறாள். நம் நூலகத்துப் படியில் அப்பக்கம் இல்லை. இறுதித் தாள்கள் சிலவற்றை யாரோ எடுத்துச் சென்றுள்ளனர். யாரென்று துருவ மாட்டோம். அலமாரியில் வைத்துவிட்டால் போதும்.